நேரு போடாத ஒரு கையெழுத்து



நவம்பர் 14 வந்துவிட்டால் நம் வளாகத்துப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேராவது வெள்ளைச் சட்டையில் சிவப்பு ரோஜாவைக் குத்திக்கொண்டு நேரு மாமா ஆகிவிடுகிறார்கள். நமக்கும் அவரைப் பற்றி அந்த ரோஜாவும், பஞ்சசீலமும், பக்ரா நங்கல் அணையும்தான் சட்டென்று நினைவுக்கு வரும். அவரைப் பிடிக்காதவர்களுக்குக் காஷ்மீரும் சீனாவும் நினைவுக்கு வரும். இரண்டு தரப்பும் அதிகம் பேசாத ஒரு நிகழ்ச்சி அவர் வாழ்க்கையில் உண்டு. 1951இல் உலகமே கூடிப் போட்ட ஒரு சமாதான உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட மாட்டாது என்று அவர் சொன்னார். ஏன் சொன்னார், அதனால் நமக்கு என்ன வந்தது, என்ன போனது என்பதை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ரயிலில் படித்த செய்தி

ஜவாஹர்லால் நேரு 1889 நவம்பர் 14 அன்று அலகாபாத்தில் பிறந்தார். தந்தை மோதிலால் பெயர்பெற்ற வழக்கறிஞர்; தாயார் ஸ்வரூப ராணி. 1905 மே மாதம், 15 வயதில், படிப்புக்காக அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்கள். டோவர் துறைமுகத்தில் இறங்கி லண்டனுக்கு ரயிலில் போகும்போது, சுஷிமா கடற்போரில் ஜப்பான் ரஷ்யாவைத் தோற்கடித்த செய்தியைப் பத்திரிகையில் படித்து உற்சாகப்பட்டதாக அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு ஆசிய நாடு ஐரோப்பிய வல்லரசை வீழ்த்தியது அன்றைய இந்தியப் பையன்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை.

ஹாரோ பள்ளி, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி, பிறகு சட்டப் படிப்பு. 1912இல் ஊர் திரும்பினார். 1916இல் கமலாவுடன் திருமணம், 1917இல் மகள் இந்திரா பிறந்தார். அலகாபாத்தில் வக்கீலாக வசதியாக வாழ்ந்திருக்கலாம். 1919ஆம் ஆண்டு அப்படி வாழவிடவில்லை.

1919: நம் பெயரில் விழுந்த கையெழுத்து

முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் பிரிட்டனுக்காகக் கடல் கடந்து சென்றார்கள். போர் முடிந்ததும் இந்தியாவுக்குக் கிடைத்தது ரௌலட் சட்டமும், 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக் துப்பாக்கிச் சூடும். அந்தப் படுகொலை குறித்துக் காங்கிரஸ் நடத்திய விசாரணையில் இளைஞர் நேருவும் வேலை செய்தார்.

அது நடந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. ஜூன் 28 அன்று பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் ஜெர்மனியுடன் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. அதில் இந்தியாவும் ஒரு தரப்பு. இந்தியாவின் பெயரில் கையெழுத்திட்டவர்கள் பிரிட்டிஷ் அமைச்சர் எட்வின் மாண்டேகுவும், பிகானீர் மகாராஜா கங்கா சிங்கும். நம்மை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் நாம் கையெழுத்திட்ட நாடு. அதன் பலனாகச் சர்வதேச சங்கத்தில் தொடக்க உறுப்பினர்.

அதே உடன்படிக்கைக்கு அமெரிக்காவில் நடந்த கதை வேறு. சர்வதேச சங்கம் என்ற யோசனைக்கே தந்தையான ஜனாதிபதி உட்ரோ வில்சன் நேரில் போய் வெர்சாயில் கையெழுத்திட்டு வந்தார். நம் வங்கி வழக்கப்படி சொன்னால், கிளை மேலாளர் கையெழுத்திட்ட கடன் பரிந்துரை அது. தலைமை அலுவலகம் ஒப்புதல் தந்தால்தான் செல்லும். அமெரிக்காவில் அந்தத் தலைமை அலுவலகம் செனட் சபை. அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். உறுப்பு நாடுகளின் எல்லைகளைக் காக்க வேண்டும் என்ற 10ஆம் பிரிவின்படி, தங்கள் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அமெரிக்கப் படைகள் எங்கோ ஒரு சண்டைக்குப் போக நேரிடும் என்று பல செனட்டர்கள் பயந்தார்கள். ஹென்றி கேபட் லாட்ஜ் தலைமையில் சில நிபந்தனைகளைச் சேர்க்கச் சொன்னார்கள். வில்சன் அவற்றை ஏற்க மறுத்தார். மக்களிடமே நியாயம் கேட்கிறேன் என்று நாடு முழுக்க ரயிலில் சுற்றினார்; பாதியில் உடல் நிலை கெட்டது, அக்டோபர் 2 அன்று பக்கவாதம் தாக்கியது. 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் வாக்கெடுப்பு நடந்தது. கடைசி வாக்கெடுப்பில் 49 ஆதரவு, 35 எதிர்ப்பு. ஏழு வாக்குக் குறைவு. உடன்படிக்கை விழுந்தது. 1921இல் அமெரிக்கா ஜெர்மனியோடு தனியாகச் சமாதானம் செய்துகொண்டது.

சீனாவோ வெர்சாயில் கையெழுத்திடவே இல்லை. அதன் ஷாண்டுங் பகுதியில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை ஜப்பானுக்குக் கொடுத்துவிட்டார்களே என்பது அதன் கோபம். ஆக, சுதந்திர நாடான அமெரிக்கா வெளியே நின்றது. அடிமை நாடான இந்தியா உள்ளே இருந்தது.

நேரு பிற்பாடு சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்களில் வெர்சாயைப் பற்றியும் எழுதினார். தோற்றவன் தலையில் கட்டப்படும் சமாதானம் அடுத்த போருக்கு வித்தாகும் என்பதை அவர் தலைமுறை கண்ணால் பார்த்தது. 1939இல் அடுத்த போர் வந்தே விட்டது.

ஜப்பானை எதிர்த்தவர்

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பையன் வயதில் ஜப்பானைக் கொண்டாடிய நேரு, பெரியவரான பின் ஜப்பானிய ராணுவ ஆதிக்கத்தைக் கடுமையாக எதிர்த்தவர். 1937இல் ஜப்பான் சீனாவின் மேல் படையெடுத்தபோது, காங்கிரஸ் சார்பில் 1938இல் ஒரு மருத்துவக் குழு சீனாவுக்குப் போனது. டாக்டர் கோட்னிஸ் சென்றது அந்தக் குழுவில்தான். நேருவே 1939இல் சுங்கிங் நகருக்குப் போய் வந்தார்.

போர் நம் வாசலுக்கும் வந்தது. 1942 மார்ச்சில் அந்தமானை ஜப்பான் பிடித்தது. ஏப்ரலில் விசாகப்பட்டினம், காக்கிநாடா, கொழும்பு, திருகோணமலை ஆகிய இடங்களில் குண்டு விழுந்தது. சென்னை காலியானது. அந்த நாளில் பெட்டி படுக்கையோடு மதுரைப் பக்கம் வந்தவர்களின் கதையை எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் எவாக்குவேஷன் என்ற ஒற்றைச் சொல்லால் சொல்லுவார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். அதே நேரத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் தமிழர்கள் திரளாகச் சேர்ந்ததும் ஜப்பான் பிடித்திருந்த மண்ணில்தான். எனவே ஜப்பான் என்றால் நம்மவர்களுக்கு ஒரே மாதிரியான உணர்வு இருக்கவில்லை.

நேரு அப்போது ஆமதுநகர்க் கோட்டைச் சிறையில் இருந்தார். அவருடைய சிறைவாசம் மொத்தம் சுமார் 9 ஆண்டுகள். 1945 நவம்பரில், செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தினர் மீது வழக்கு நடந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் கழற்றி வைத்த வக்கீல் அங்கியை மறுபடியும் மாட்டிக்கொண்டு அவர்களுக்காகப் போய் நின்றார்.

ஒரு நீதிபதியும் ஒரு யானையும்

போர் முடிந்ததும் டோக்கியோவில் ஜப்பானியத் தலைவர்களை விசாரிக்க 11 நாட்டு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். 1948இல் தீர்ப்பு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையுமே விடுவிக்க வேண்டும் என்று தனித் தீர்ப்பு எழுதியவர் நம் நாட்டு நீதிபதி ராதாவினோத் பால். அது அவருடைய சொந்தத் தீர்ப்பு. அரசின் கருத்து இல்லை. ஆனால் ஜப்பானியர்கள் அவரை மறக்கவே இல்லை.

1949இல் இன்னொரு சம்பவம். டோக்கியோ உவேனோ மிருகக்காட்சி சாலையில் இருந்த யானைகளைப் போர்க்காலத்தில் பட்டினி போட்டே சாகவிட்டிருந்தார்கள். போருக்குப் பின் ஜப்பானியக் குழந்தைகள் ஒரு யானை வேண்டும் என்று நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். மைசூர்ப் பக்கத்து யானை ஒன்று கப்பலேறியது. அதற்கு வைத்த பெயர் இந்திரா. 1983 வரை அந்த யானை டோக்கியோவில் இருந்தது. குழந்தைகள் தினத்தில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற கதை இது.

1951 ஆகஸ்ட்

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஜப்பானோடு முறையான சமாதான உடன்படிக்கை போட 1951இல் அமெரிக்கா ஏற்பாடு செய்தது. வாசகத்தைத் தயாரித்து நாடு நாடாகப் பேசியவர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் மாநாடு. இந்தியாவுக்கும் அழைப்பு வந்தது.

அன்றைய இந்தியாவின் நிலையையும் பாருங்கள். கடுமையான உணவுத் தட்டுப்பாடு. அந்த ஜூன் மாதம்தான் கோதுமை வாங்க 19 கோடி டாலர் கடன் தரும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியிருந்தது. பக்கத்தில் கொரியாவில் போர். உள்நாட்டில் முதல் பொதுத் தேர்தல் நெருங்குகிறது. கட்சிக்குள் தலைவர் புருஷோத்தம் தாஸ் தாண்டனோடு நேருவுக்குத் தகராறு. அந்த ஆகஸ்டில்தான் அவர் காரியக் கமிட்டியிலிருந்தே விலகினார். கடன் கொடுத்தவர் நீட்டும் காகிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்போம் என்று எந்தப் பிரதமருக்கும் தோன்றக்கூடிய நேரம்.

ஆகஸ்ட் 23 அன்று இந்தியா அமெரிக்காவுக்கு ஒரு குறிப்பை அனுப்பியது. அதன் சாரம் இதுதான்.

முதலாவது, சமாதானம் என்றால் தோற்ற நாட்டுக்கு மற்ற நாடுகளுக்குச் சமமான கௌரவம் கிடைக்க வேண்டும். ரியூக்யூ, போனின் தீவுகளின் மக்கள் ஜப்பானியரோடு வரலாற்றால் ஒன்றுபட்டவர்கள். அந்தத் தீவுகளை அமெரிக்க நிர்வாகத்தில் வைத்துக்கொள்வது ஜப்பானியர்களின் மனதில் ஆறாத குறையாக நிற்கும்.

இரண்டாவது, அன்னியப் படைகள் ஜப்பானில் தொடர்ந்து இருப்பதற்கு இந்த உடன்படிக்கையிலேயே வழி வைத்திருக்கக் கூடாது. ஜப்பான் முழுச் சுதந்திரம் பெற்றபின், வேண்டுமானால் தானே யோசித்து யாரோடும் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும். படைகள் வீட்டுக்குள் நிற்கும்போதே வாங்கும் சம்மதம் மனப்பூர்வமான சம்மதம் ஆகாது.

மூன்றாவது, ஃபார்மோசா தீவு சீனாவுக்குத் திரும்பும் என்பதை உடன்படிக்கை தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜப்பான் அதை விட்டுக்கொடுக்கிறது என்று எழுதியிருந்தார்களே தவிர, யாருக்கு என்று எழுதவில்லை. பத்திரத்தில் விற்பவர் பெயர் இருந்து வாங்குபவர் பெயர் விடுபட்டது போல. மாநாட்டுக்கும் எந்தச் சீன அரசும் அழைக்கப்படவில்லை.

இந்தக் காரணங்களால் இந்தியா மாநாட்டுக்கு வராது. ஆனால் ஜப்பானோடு போர் நிலையை முடித்து, தனியாகச் சமாதானம் செய்துகொள்ளும். அமெரிக்கா இதை ஏற்காமல் பதில் எழுதியது. இந்தியா நிலையை மாற்றவில்லை.

செப்டம்பர் 8 அன்று ஜப்பானையும் சேர்த்து 49 நாடுகள் கையெழுத்திட்டன. அதே நாளில் ஜப்பானும் அமெரிக்காவும் ராணுவப் பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டன. சோவியத் யூனியன், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா வந்திருந்தும் கையெழுத்திடவில்லை. இந்தியா, பர்மா, யூகோஸ்லாவியா போகவே இல்லை. பாகிஸ்தான் கையெழுத்திட்டது. இலங்கையின் ஜே.ஆர். ஜெயவர்த்தனா புத்தரின் போதனையைச் சுட்டி, ஜப்பானிடம் நஷ்டஈடு வேண்டாம் என்று அந்த மேடையில் பேசியது புகழ்பெற்றது. இந்தோனேசியா கையெழுத்திட்டும் கடைசிவரை ஒப்புதல் தரவில்லை. அமெரிக்க செனட்டோ இந்த முறை 66க்கு 10 என்று தாராளமாக ஒப்புதல் கொடுத்தது.

டோக்கியோவில் நம் கையெழுத்து

சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை 1952 ஏப்ரல் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் இந்தியாவும் ஜப்பானுடன் போர் நிலையை முடித்துக்கொண்டு தூதரக உறவைத் தொடங்கியது. ஜூன் 9 அன்று டோக்கியோவில் இரு நாட்டுத் தனி உடன்படிக்கை. இந்தியாவுக்காகக் கே.கே. செட்டூரும், ஜப்பானுக்காக அமைச்சர் கட்சுவோ ஒகசாகியும் கையெழுத்திட்டார்கள். 1919இல் நம் பெயரில் மற்றவர்கள் முடிவெடுத்தார்கள். இது நாமே எடுத்த முடிவு.

அதில் இரண்டு ஷரத்துகள் முக்கியமானவை. நஷ்டஈட்டுக் கோரிக்கை எல்லாவற்றையும் இந்தியா கைவிட்டது. போர் தொடங்கியபோது இந்தியாவில் முடக்கப்பட்ட ஜப்பானியச் சொத்துகளைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டது.

வரவும் செலவும்

வணிகவியல் படித்தவன் வரவு செலவு பார்க்காமல் இருக்க முடியாது. செலவுப் பக்கத்தை முதலில் எழுதுகிறேன்.

பர்மா பின்னால் 20 கோடி டாலர் நஷ்டஈடு பெற்றது. பிலிப்பைன்ஸ் 55 கோடி, இந்தோனேசியா 22 கோடிக்கும் மேல். கோதுமைக்குக் கடன் வாங்கிய நாடு, வாங்கக்கூடிய பணத்தை வேண்டாம் என்பது நியாயமா என்று கேட்டால் அதைத் தப்பான கேள்வி என்று சொல்ல முடியாது. அந்த நாடுகள் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் ஜப்பானிய ஆட்சியில் கிடந்தவை. நம் இழப்பு அவற்றைவிடக் குறைவு என்பது ஒரு பதில். ரயில் பாதையில் மாண்ட தமிழர்களை நினைத்தால் அந்தப் பதில் நம் மனதை ஆற்றாது. மலாயா அப்போது பிரிட்டன் வசம் இருந்ததால் அவர்களுக்காகப் பேச வேண்டியது பிரிட்டன். ஆக, இரண்டு அரசுகளுக்கு நடுவே அந்த ஏழைகளின் கணக்கு ஐந்தொகையில் ஏறாமலே போயிற்று.

சீனாவுக்காக நேரு இவ்வளவு பேசினாரே, அதே சீனா 1962இல் என்ன செய்தது என்பதும் செலவுப் பக்கத்தில் வர வேண்டியதே. அந்த அடி அவர் உடல் நலத்தையும் சேர்த்துச் சாய்த்தது. 1964 மே 27 அன்று அவர் காலமானார்.

இனி வரவு. ஜப்பான் தலைகுனிந்து நின்ற நாளில் இந்தியா தன்னைச் சமமாக நடத்தியது என்ற எண்ணம் அந்த நாட்டில் நிலைத்தது. 1957 மே மாதம் பிரதமர் கிஷி இந்தியா வந்தார். அக்டோபரில் நேரு ஜப்பான் போனார், ஹிரோஷிமாவுக்கும் சென்றார். 1958இல் ஜப்பான் வெளிநாட்டுக்குக் கொடுத்த முதல் யென் கடன் இந்தியாவுக்குத்தான். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. சென்னை மெட்ரோ ரயிலுக்கு ஜப்பானிய நிதி வந்தது. நமக்குப் பக்கத்தில் தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனைக்கும் ஜப்பானின் கடனுதவிதான். இவை எல்லாவற்றுக்கும் 1952 மட்டுமே காரணம் என்று சொன்னால் மிகையாகும். வியாபாரத்துக்கு அதனதன் காரணங்கள் உண்டு. ஆனால் நல்ல கணக்குக்கு முதல் வரவு அன்று வைக்கப்பட்டது.

இந்தியா குறிப்பில் எழுதிய ஆட்சேபங்கள் என்ன ஆயின? போனின் தீவுகள் 1968இலும், ரியூக்யூவின் ஒகினாவா 1972இலும் ஜப்பானுக்குத் திரும்பின. அந்த இடைக்காலம் முழுவதும் ஜப்பானியர்களுக்கு அது குறையாகவே இருந்தது. வாங்குபவர் பெயர் எழுதாமல் விட்ட ஃபார்மோசா, அதாவது தைவான், இன்றும் தலைப்புச் செய்தி. சோவியத் யூனியன் ஒதுங்கியதால் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே முறையான சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை.

வில்சனையும் நேருவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. 1920இல் அமெரிக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டு உலக விவகாரங்களிலிருந்து ஒதுங்கிப் போனது. 1951இல் இந்தியா வேண்டாம் என்று சொன்ன கையோடு மாற்று வழியையும் சொன்னது. ஒன்பதே மாதத்தில் அதைச் செய்தும் காட்டியது. மறுப்பவர் எல்லோரையும் முட்டுக்கட்டை என்று தள்ளிவிடக் கூடாது, அவர் அடுத்து என்ன செய்கிறார் என்று பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பதே எனக்கு இதில் கிடைக்கும் பாடம். நம் பொதுக்குழுக் கூட்டங்களுக்கும் இது கொஞ்சம் பொருந்தும்!

தமுக்கத்தை ஒட்டி, ராணி மங்கம்மாள் அரண்மனையில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்தை 1959 ஏப்ரல் 15 அன்று திறந்து வைத்தவர் நேருதான். நம் கே.கே. நகரிலிருந்து ஆட்டோவில் போனால் பத்து நிமிடம். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். போகிற வழியில் டோக்கியோ போன யானையின் கதையைச் சொல்லுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளாக இருந்தால், அவர் போடாத கையெழுத்தின் கதையையும் சொல்லி, போட்டிருக்க வேண்டுமா வேண்டாமா என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.